பதறாத காரியம்

எங்கள் பெருந்துறை வட்டாரத்தில் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு விலை விசாரிப்பதும் வழக்கம். மஞ்சள் என்ன விலை? கொப்பரை என்ன விலை? நூல் என்ன விலை? இம்மூன்றையும் ஒட்டியே எங்கள் ஊர்களில் திருமணங்கள் நிச்சயமாகின்றன; வீடுகள் எழும்புகின்றன; பிள்ளைகள் கல்லூரிக்குப் போகின்றனர். விலை இறங்கிப் போனாலும் உழவர் இடிந்து உட்கார்ந்துவிடுவதில்லை. "செரி, அடுத்த பட்டத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொள்வார். ஆடிப் பட்டம் கைவிட்டால் தைப் பட்டம் இருக்கிறது என்னும் நம்பிக்கை அவருக்கு.

அடுத்த பட்டமே இல்லாத மனிதர் ஒருவர் உண்டு. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, ஐம்பத்தெட்டாம் வயதில் மாலையும் சால்வையும் பெற்று, வைப்புநிதிப் பணத்தோடு வீடு திரும்பும் தொழிலாளிதான் அவர். அவர் கையில் இருப்பது வாழ்நாள் முழுவதன் வெள்ளாமை. அந்தப் பணம் பங்குச் சந்தையில் இருக்கும் வேளையில் சந்தை சரிந்தால் அவர் என்ன செய்வார்? வணிகவியல் பயிலும் எனக்கு இக்கேள்விக்குப் பாடநூலிலும் விடை கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் கணக்கு நோட்டில் கிடைத்துவிட்டது. சரிவு செய்யும் கேட்டைவிட, சரிவுக்கு மறு ஆண்டில் மனிதன் பதறிச் செய்யும் காரியங்களால் வரும் கேடு பெரிது என்பதே அந்த விடை. அதை விளக்கவே இக்கட்டுரை.

அப்புச்சி ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 33 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். 2007 நவம்பரில் ஓய்வு பெற்றபோது அவருடைய மாதச் சம்பளம் 6,500 ரூபாய். பணிக்கொடைச் சட்டப்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் தரவேண்டும். அந்தக் கணக்குக்கு மாதம் என்பது 26 நாள். அவ்வகையில் அவருக்குக் கிடைத்தது 1,23,750 ரூபாய். வைப்புநிதி நாலேகால் இலட்சத்துக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து ஐந்தரை இலட்சம். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 1,200 ரூபாய் வந்தது. விலைவாசி ஏறினால் அரசு ஊழியரின் ஓய்வூதியத்தில் அகவிலைப்படி ஏறும். ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அப்புச்சி தம் பணத்தை இரண்டாகப் பகுத்தார். இரண்டரை இலட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். அப்போது அதற்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5,625 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 1,875. ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 3,075 ரூபாய். வீட்டுச் செலவோ 4,500. மீதமுள்ள மூன்று இலட்சத்திலிருந்துதான் மாதம் 1,425 ரூபாய்த் துண்டை அடைக்கவேண்டும். அந்த மூன்று இலட்சத்தை வைப்பில் போடப் போன இடத்தில், "அய்யா, வட்டி எட்டோ ஒன்பதோதான் வரும்; மியூச்சுவல் பண்டிலே போடுங்கள், மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும்" என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். 2008 ஜனவரியில் யூனிட் ஒன்று 20 ரூபாய் வீதம் 15,000 யூனிட்டுகள் வாங்கினார் அப்புச்சி.

அன்று காற்று அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தது. 2003இல் மூவாயிரத்தை ஒட்டி நின்ற மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண், 2008 ஜனவரி 8 அன்று 20,873இல் முடிந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ ஏழு மடங்கு! கொங்கு நாட்டுக்குப் பங்கு வணிகம் புதிதும் அன்று. கோயம்புத்தூருக்கென்றே 1991இல் ஒரு பங்குச் சந்தை தொடங்கி 2013 வரை அங்கீகாரத்தோடு இருந்தது. ஆலை முதலாளிகளும் மண்டிக்காரர்களும் அதற்கு முன்பே பங்குப் பத்திரங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்கள். ஆனால் சம்பளத்தில் வாழ்ந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் திரளாக இத்துறைக்குள் வந்தது அந்த ஐந்து ஆண்டுகளில்தான். ஏறிக்கொண்டிருக்கும் பேருந்தைப் பார்த்தவர்களெல்லாம் அது மலை உச்சிக்குத்தான் போகிறது என்று நம்பி ஏறினார்கள். மலையில் இறக்கமும் உண்டென்பது எவர் நினைவிலும் இல்லை.

சரிவு அமெரிக்காவில் தொடங்கியது. திருப்பிக் கட்டும் சக்தி இல்லாதவர்களுக்கெல்லாம் அங்கே வீட்டுக் கடன் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடன்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பத்திரங்களாக்கி உலகெங்கும் விற்றிருந்தார்கள். தவணைகள் நின்றன, பத்திரங்கள் வெறும் தாளாயின. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்னும் நூற்றாண்டு கடந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. தம் ஊர்ப் பள்ளத்தை நிரப்பப் பணம் வேண்டி, அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்கள் இந்தியாவில் வைத்திருந்த பங்குகளை விற்றுக்கொண்டு போயின. 2009 மார்ச் 9 அன்று குறியீட்டெண் 8,160. பதினான்கு மாதங்களில் நூற்றுக்கு அறுபது பங்கு போயிற்று. அப்புச்சியின் யூனிட் 8 ரூபாய்க்கு வந்தது. மூன்று இலட்சம் என்று எழுதிய இடத்தில் 1,20,000 என்று எழுதவேண்டியதாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு, பெருந்துறையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஓர் ஊரின் வீட்டுக் கடனால் கரைந்தது. என்னே விந்தை!

அப்போது எனக்கு நினைவு தெரியாத வயது. இனி வருபவை அம்மாயி பலமுறை சொல்ல நான் கேட்டவை.

நட்டம் தெரிந்த அன்றுமுதல் அப்புச்சி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அஞ்சலில் வரும் கணக்குத் தாளை உறை பிரிக்காமல் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். செய்தித்தாளை நிறுத்தினார். மாலையில் தேநீர்க் கடைப் பக்கம் போவதையும் விட்டார். அங்கே போனால் எவரேனும் சந்தையைப் பற்றிப் பேசுவார்கள் என்னும் அச்சம். பணம் இழந்தவருடைய முதல் துன்பம் பணமன்று, வெட்கம். தாம் உழைத்துச் சேர்த்ததைத் தாமே காக்கத் தெரியாதவர் என்று வீடும் ஊரும் நினைக்குமோ என்ற வெட்கம். அது மனிதனை வாய் பேசவிடாது. பேசாத மனிதர் தனியே முடிவெடுப்பார். தனியே, இரவில், அச்சத்தில் எடுக்கும் முடிவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, வந்த பணத்தை வைப்பில் போட்டுவிடுவதென்று அப்புச்சி தமக்குள் தீர்மானித்திருந்தார்.

செய்தித்தாள் நின்றதிலிருந்தே அம்மாயிக்கு ஐயம். ஒருநாள் உறைகளை எடுத்து முன்னால் வைத்து, "இது என்னதுங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்புச்சி எல்லாவற்றையும் சொன்னார். அம்மாயி அழவில்லை, ஏசவும் இல்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம்.

"பணம் போயிருச்சுங்களா, எறங்கியிருக்குதுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அம்மிணி?"

"அதெப்படிங்க ஒண்ணாகும்? கெணத்துல தண்ணி எறங்குறதும், கெணறே தூந்து போறதும் ஒண்ணுங்களா?"

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மாயி கேட்ட அந்தக் கேள்விக்கு ஈடான தெளிவை நான் படித்த நிதி மேலாண்மை நூல்களில் அரிதாகவே கண்டிருக்கிறேன். இழப்பில் இரு வகை உண்டு. தண்ணீர் இறங்கிய கிணறு மழை வந்தால் ஊறும். தூர்ந்த கிணற்றுக்கு எத்தனை மழை பெய்தும் பயனில்லை. அந்த ஆண்டே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு நாட்டின் கண்முன் இருந்தது. 2009 ஜனவரி 7 அன்று, ஐதராபாத்தின் சத்யம் கணினி நிறுவனத்தில் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டதை அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். முதல் நாள் 179 ரூபாய் விற்ற பங்கு அன்று 40 ரூபாயில் முடிந்தது. அந்தப் பங்கு ஒன்றிலேயே சேமிப்பு முழுவதையும் போட்டிருந்தவரின் கிணறு தூர்ந்தது. அப்புச்சியின் பணமோ பல தொழில்களைச் சேர்ந்த பல நிறுவனங்களில் பரவியிருந்தது. அவற்றின் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. சிமெண்டும் மருந்தும் விற்றுக்கொண்டிருந்தன. விலை மட்டுமே இறங்கியிருந்தது.

சரி, தண்ணீர் ஊறும்வரை பொறுத்திருப்போம் என்று சொல்லிவிடலாம். அதுவரை குடிப்பதற்கு என்ன செய்வது? ஓய்வு பெற்றவரின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இருபத்தைந்து வயது இளைஞருக்குச் சந்தை சரிந்தால் சம்பளம் இருக்கிறது. மலிவான விலையில் இன்னும் வாங்கக்கூட முடியும். ஓய்வு பெற்றவர் மாதந்தோறும் எடுத்துச் சாப்பிட வேண்டியவர். விலை இறங்கிய காலத்தில் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவருக்கு இரண்டரை ரூபாயாக முடியும்.

இதை மஞ்சள் வியாபாரம் அறிந்த எங்கள் ஊரார் எளிதில் உணர்வர். அறுவடைக் காலத்தில் விலை படுத்துக் கிடக்கும்போது, கடன் இல்லாத உழவர் மஞ்சளைக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பார். கடன்காரன் வாசலில் நிற்கும் உழவர் வந்த விலைக்குத் தள்ளுவார். இருவரின் மஞ்சளும் ஒரே தரம்; விலையும் ஒரே விலை. ஒருவருக்குக் காத்திருக்க வழி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை என்பதே வேறுபாடு. ஆகவே அப்புச்சியும் அம்மாயியும் அமர்ந்து கணக்கு நோட்டில் முதலில் எழுதியது யூனிட்டின் விலையை அன்று. அதைத் தொடாமல் எத்தனை மாதம் வாழலாம் என்பதைத்தான்.

மாதத் துண்டு 1,425 ரூபாய். அப்புச்சி ஒரு கொப்பரை மண்டியில் மாலை நேரத்தில் பேரேடு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 1,500 ரூபாய். துண்டு அடைபட்டது, 75 ரூபாய் மிச்சம்! ஓய்வு பெற்றவர் மீண்டும் வேலைக்குப் போவதா என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். அதே உறவினர் எவரும் மாதம் 1,500 ரூபாய் தர முன்வரவில்லை என்பதை அம்மாயி சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஆனால் மாதச் செலவு மட்டுமே வாழ்க்கையன்று. சின்ன மாமா அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்கும் விடுதிக்குமாக 40,000 ரூபாயை 2009 மார்ச்சுக்குள் கட்டியாக வேண்டும். சந்தை அடிமட்டத்தில் இருந்த அதே மார்ச்! யூனிட்டுகளை விற்பதென்றால் 8 ரூபாய் வீதம் 5,000 யூனிட்டுகளை, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை, விற்கவேண்டும். அப்போதும் அம்மாயிதான் வழி சொன்னார்: "எது செரியான வெலைக்குப் போகுதோ அதை மொதல்ல வித்துப்போடலாமுங்க." வீட்டிலிருந்த இரண்டு கறவை எருமைகளில் ஒன்று 14,000 ரூபாய்க்குப் போனது. எருமையின் விலையை அமெரிக்க வங்கிகளால் இறக்க முடியவில்லை! மகளிர் குழுவில் 6,000 ரூபாய் கடன் வாங்கினார்கள். மீதி 20,000 ரூபாய்க்கு மட்டும் 2,500 யூனிட்டுகளை விற்றார்கள்.

இழப்பே இல்லாமல் தப்பினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 2,500 யூனிட்டுகள் 50,000 ரூபாய் கொடுத்து வாங்கியவை. 20,000 ரூபாய்க்குப் போயின. ஆனால் 5,000 யூனிட்டுகளையும் விற்றிருந்தால்? அல்லது முதலில் தீர்மானித்தபடி பதினைந்தாயிரத்தையும் விற்றிருந்தால்?

அதற்குக் காலம் விரைவிலேயே விடை சொன்னது. 2009 மே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்தன. அடுத்த வணிக நாளான மே 18 அன்று ஒரே நாளில் குறியீட்டெண் 2,110 புள்ளிகள் ஏறியது. ஏற்றத்தின் வேகத்தால் வணிகத்தையே நிறுத்தவேண்டியதாயிற்று. மார்ச்சில் விற்றுவிட்டு, "நிலைமை சரியானதும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்" என்று இருந்தவர்களுக்கு அன்று உள்ளே நுழையக் கதவு திறக்கவில்லை. 2010 நவம்பர் 5, தீபாவளித் திருநாள். அன்று மாலைச் சிறப்பு வணிகத்தில் குறியீட்டெண் 21,004ஐத் தொட்டு, பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்புச்சியின் யூனிட் மறுபடியும் 20 ரூபாய். கையிலிருந்த 12,500 யூனிட்டுகளின் மதிப்பு இரண்டரை இலட்சம். எல்லாவற்றையும் மார்ச்சில் விற்றிருந்தால் 1,20,000தான். அந்த மூன்றாண்டில் அரிசி, பருப்பு விலை ஏறியிருந்தது. 2007இல் அந்தப் பணம் வாங்கியதை 2010இல் வாங்காது. எனினும் கிணறு ஊறியிருந்தது.

அப்போது அப்புச்சி செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறியதைக் கண்டு இன்னும் ஏறட்டும் என்று அவர் இருக்கவில்லை. ஒன்றரை இலட்சத்தை எடுத்து அஞ்சலகத் திட்டத்தில் சேர்த்தார். ஓர் இலட்சத்தை மட்டும் சந்தையில் விட்டார். நோட்டில் ஒரு வரி எழுதிவைத்தார்: "அஞ்சு வருசத்துக்குள் வேண்டிய காசு ஏறி இறங்கும் இடத்தில் இருக்கக்கூடாது." சரிவின் நடுவே செய்ய முடியாத மாற்றத்தை, சரிவு தீர்ந்தபின் நிதானமாகச் செய்தார்.

எல்லாச் சரிவும் இரண்டாண்டில் சரியாகிவிடும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஜப்பான் நாட்டின் நிக்கெய் குறியீட்டெண் 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. அந்த உயரத்தை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்றுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற ஜப்பானியர் ஒருவர் தொண்ணூற்றிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியிருக்கும். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது உண்மைதான். ஆனால் பொறுப்பதற்கு ஆயுள் வேண்டும். அரசின் பெயர் ஒட்டியிருந்தால் அச்சமில்லை என்பதும் முழு உண்மையன்று. 1964இல் யூனிட் டிரஸ்டு தொடங்கிய யூனிட் 64 திட்டத்தை நம் நாட்டின் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வங்கி வைப்பாகவே கருதினர். 2001 ஜூலையில் அத்திட்டத்தில் விற்பனையும் திருப்பி வாங்கலும் நிறுத்தப்பட்டபோது, ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் திகைத்து நின்றனர். பதினான்கு ரூபாய்க்கு மேல் விலை போன யூனிட்டுக்கு, பின்னர் 3,000 யூனிட் வரை பத்து ரூபாய் தர வழி செய்யப்பட்டது. எனவே பொறுமை மட்டும் போதாது. காத்திருக்கும் காலத்துக்கான சோறும் வேறிடத்தில் இருக்கவேண்டும். அப்புச்சியைக் காத்தது அந்த அஞ்சலகப் புத்தகமும் மண்டி வேலையும்தான்.

இனி, பெருந்துறையின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்த மற்றொரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். சந்தையில் இழந்தவரை இரண்டாம் இழப்பு எப்படித் தேடி வரும் என்பதற்கு அது சாட்சி.

ஆஸ்திரேலிய நாட்டுப் பறவையான ஈமுவுக்கு எங்கள் வட்டாரத்தில் 2010ஐ ஒட்டி வந்த வாழ்வைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு நிறுவனத்தின் திட்டம் ஊரெங்கும் பேசப்பட்டது. ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள். தீவனம் அவர்களே தருவார்கள். பராமரிப்புக்கென மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை. இறுதியில் கட்டிய பணமும் திரும்பும். இதைப் பார்த்து வேறு பலரும் ஈமுப் பண்ணை தொடங்கினர். பெருந்துறைச் சாலையோரங்களில் கம்பி வலைக்குள் நீண்ட கழுத்துகள் தெரிந்தன.

அப்படியொரு பண்ணைக்கு ஆள் சேர்த்தவர் அப்புச்சியிடமும் வந்தார். எங்கு அடித்தால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "மியூச்சுவல் பண்டுல உட்டதை ரெண்டே வருசத்துல புடிச்சரலாமுங்க" என்றார். அஞ்சலகப் பணத்தை உடைக்கச் சொன்னார். அப்புச்சி நோட்டைப் பிரித்தார். மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000; ஊக்கத்தொகை 20,000; ஆக 92,000. ஒன்றரை இலட்சத்துக்கு நூற்றுக்கு 61! "முப்பத்து மூணு வருசம் மில்லுக் கணக்கு எழுதியிருக்கறனுங்க. நூத்துக்கு அறுவத்தொண்ணு எந்தத் தொழில்லயும் நான் பாத்ததில்லை. இந்தப் பறவையோட கறியை நம்மூருல எந்தக் கடையில விக்கறாங்க, சொல்லுங்க?" என்று கேட்டார். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. கறிக்கும் முட்டைக்கும் எண்ணெய்க்கும் வாங்குவோர் இல்லாதபோது, முன்னவருக்குக் கொடுக்கும் பணம் பின்னவர் கட்டும் பணமாகத்தானே இருக்கமுடியும்? 2012 ஆகஸ்டில் சுசி நிறுவனத்தின் அலுவலகங்கள் பூட்டப்பட்டன. பணம் கட்டியவர்கள் காவல் நிலையத்தின் முன் வரிசையில் நின்றனர். பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குகளைப் பதிந்தது. கொட்டகைகளில் தீவனமின்றி வாடிய பறவைகளுக்கு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை உணவளிக்க நேர்ந்தது. அதற்கு முன்பே திருப்பூரில், அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான கோடி திரட்டிய பாசி நிறுவனம் 2009இல் வீழ்ந்திருந்தது. அந்த வழக்கில் கோவையிலுள்ள முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்பு வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள்! முதுமையில் பணம் இழந்தவருக்கு அது எத்தனை நீண்ட காலம்!

இவற்றில் பணம் கட்டிய அனைவரையும் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. நான் அப்படி ஏசமாட்டேன். எங்கள் தெருவிலேயே கட்டியவர்கள் உண்டு. ஆடம்பர ஆசையால் கட்டியவர் அவர்களில் சிலரே. பிறர், ஓரிடத்தில் இழந்ததைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஈடுகட்ட நினைத்தவர்கள். வைத்தியச் செலவுக்கோ பெண்ணின் சீருக்கோ குறித்த நாளுக்குள் பணம் புரட்ட வேண்டியவர்கள். இறங்கிய பணத்தை மீட்கும் அவசரத்தில், கையிலிருந்த பணத்தைத் தூர்ந்த கிணற்றில் கொட்டினார்கள். அப்புச்சி தப்பியது அவர் அறிவில் உயர்ந்தவர் என்பதனால் மட்டுமன்று. மாதத் துண்டு அடைபட்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது. மறைத்து மீட்கவேண்டிய எதுவும் அவரிடம் இல்லை. அதனால் அவருக்கு அவசரமில்லை. அவசரமில்லாதவரை ஏமாற்றுவது கடினம்.

நண்பர்களே! இதெல்லாம் முதியவர்களின் கவலை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தனர். 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோரின் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதி பங்குச் சந்தையைச் சார்ந்தது. தொழிலாளர் வைப்புநிதி நிறுவனமே 2015 ஆகஸ்டு முதல் புதிதாக வரும் நிதியில் ஒரு பங்கைப் பங்குச் சந்தையில் இட்டு வருகிறது. ஆகவே சந்தைக்கே போகாத நூற்பாலைத் தொழிலாளியின் பணமும் இன்று சந்தைக்குப் போகிறது. 2020 மார்ச் 23 அன்று, கொரோனாவின் அச்சத்தில், குறியீட்டெண் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் விழுந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. மற்றொரு சரிவு என்றோ வரும். அன்று நம் பெற்றோரில் யாரோ ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார். கணக்குத் தாளை உறை பிரிக்காமல் மறைத்து வைப்பார்.

அவ்வேளையில் பிள்ளைகளாகிய நாம் செய்யவேண்டிய முதல் உதவி, "ஏன் போட்டீர்கள்?" என்று கேளாதிருப்பது. அந்தக் கேள்வி ஒன்றே அவரை மீண்டும் தனிமையில் தள்ளப் போதும். பக்கத்தில் அமர்ந்து, போனதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைத் தொடாமல் எத்தனை மாதம் தள்ளலாம் என்று கணக்கிடவேண்டும். துண்டு விழும் தொகையில் நம்மால் எவ்வளவு தரமுடியும் என்று சொல்லவேண்டும். மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஒரு மூன்று இலட்சத்தைக் காக்கக்கூடும் என்பதை அப்புச்சியின் நோட்டில் நான் கண்டிருக்கிறேன்.

பதறாத காரியம் சிதறாது என்றனர் நம் முன்னோர். பதறாதே என்று பிறருக்குச் சொல்வது எளிது. பதறாமல் இருப்பதற்கு மாதச் செலவுக்குப் பணமும் மனம் விட்டுப் பேச ஒரு துணையும் வேண்டும். முன்னதை அவர்கள் சேர்த்து வைத்திருக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். பின்னதை நாம் இன்றே கொடுக்கலாம்.